கார்டு பத்திரமாக இருக்கிறது

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

பொதுமக்களுக்கும், சிறை நிர்வாகத்துக்கும், இந்தக் கடிதத்தை உனக்கு முன்பாகவே பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டு வாசற்கதவுக்கு மேலே, ஒரு கேமராவையும் கட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவு உடம்பை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக் கொண்டிருந்த உன் குட்டிக் கம்ப்யூட்டர், சென்ற ஞாயிறு முற்பகல், வீட்டின் தற்காலிகத் தலைவராகிய என் திருக்கரங்களால் அதிவேக வாழ்வில் அடியெடுத்து வைத்தது. விழாவில் ரிப்பன் வெட்டப்படவில்லை. செருகப்பட்டது.

புரியவில்லையா? நீ மேஜை இழுப்பறையில் பிளாஸ்டிக் குமிழ்த்தாளில் சுற்றி வைத்து, "அடுத்த வாரம் மாட்டலாம்டா" என்று போன வருடத்திலிருந்து சொல்லிக் கொண்டிருந்தாயே, சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு எஸ்.எஸ்.டி., வேகமான சேமிப்பு வட்டு, அதேதான். உன் அடுத்த வாரம் வருவதாகத் தெரியவில்லை. ஓட்டாத வேனுக்கு உன்னை உள்ளே உட்கார வைத்திருக்கிறார்கள். சரி, நீ திரும்பி வரும்போது ஒரு பரிசாக இருக்கட்டும் என்று நானே இறங்கிவிட்டேன். போர்டின் தலைமேல் இன்னொரு சின்ன போர்டு. இரண்டுக்கும் நடுவே காகிதம் போல ஒரு ரிப்பன் கேபிள். எறும்புக்குத் தோடு போட்டால் மாட்டும் அளவில் நாலு திருகாணி. ஒன்று விழுந்து உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று. மூணே போதும், நாற்காலியா பண்ணுகிறோம்.

முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் பல் தேய்த்து, முகம் கழுவி, அம்மாவிடம் திட்டு வாங்கி வந்தாலும் அது கண் விழிக்காது. அதற்குள் இருந்த பழைய மெமரி கார்டுக்கு மெமரியும் கிடையாது, கார்டு என்று மதிப்பாகக் கூப்பிடத் தகுதியும் கிடையாது. இப்போது? கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிறது. நீ வேலை பார்க்கும் ரிப்பேர் கடையில் என்னை ஒரு திருப்புளியைக்கூடத் தொட விடமாட்டாய். நான் தொட்டேன், அண்ணா. தொட்டதெல்லாம் பறக்கிறது.

இன்னொரு செய்தி. "கேமரா சூடாகுது, நிறுத்திடு" என்று மே மாத ஆரம்பத்தில் சொன்னாய். சொன்னதைக் கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு இல்லாததால் நிறுத்தவில்லை. நான் கார்டைக் கழற்றிய நிமிடம் வரை அது பாட்டுக்குப் பூனையையும் தபால்காரரையும் படம் பிடித்துக்கொண்டேதான் இருந்தது.

அம்மா தையல் கம்பெனிக்குப் போய் வருகிறாள். யாராவது உன்னைக் கேட்டால் "வெளியூர்ல வேலை" என்கிறாள். அடுத்த மாதம் பார்க்க வருவாள். என்னைப் பதினெட்டு ஆகாமல் உள்ளே விடமாட்டார்களாம். குற்றம் செய்தால் மட்டும் விடுவார்களோ?

இப்படிக்கு,
வேகத் துறை அமைச்சர்


ஜூன் 11

சில்வண்டு,

விளையாட்டை ஓரமாக வை. இதை உட்கார்ந்து படி. அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையா?

அன்று என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். முதலாளியின் வேன் பாலத்துக்கு அடியில் சைக்கிளில் போன ஒரு பெரியவரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவர் உயிர் அங்கேயே போய்விட்டது. வேன் சாவி என்னிடம்தான் இருந்தது என்று முதலாளி எழுதிக் கொடுத்துவிட்டார். நான் சாவியைக் கடை ஆணியில் மாட்டிவிட்டு மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அம்மா சொன்னாள், எடுபடவில்லை. "பெத்தவ வேற எப்படிச் சொல்லுவா" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

வாசலில் நின்று குடையை உதறினேன். அம்மா கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அந்தக் கேமரா என் முகத்துக்கு நேரே. படத்தின் மூலையில் தேதியும் நேரமும் ஓடும், நான்தான் அப்படி வைத்தேன். வேன் இடித்த நேரத்தில் நான் நம் வாசலில் நிற்கிறேன். நிறுத்தச் சொன்னோமே, நின்றிருக்கும் என்று நினைத்து இத்தனை நாளும் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

கார்டிலிருந்து புது எஸ்.எஸ்.டி.க்கு நீ மாற்றியிருப்பது பிரதிதான். பிரதியைக் கோர்ட்டில் கேள்வி கேட்பார்கள். பழைய கார்டுதான் வேண்டும். எதிலும் செருகாதே. ஈரம் படாமல் வை. கார்டு எங்கே இருக்கிறது என்று உடனே எழுது.

நீ பிறந்ததிலிருந்து செய்த ஒரே உருப்படியான காரியம், நான் சொன்னதைக் கேட்காமல் இருந்தது.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணா,

கார்டு பத்திரமாக இருக்கிறது.

பஞ்சில் சுற்றி, என் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸைக் காவலுக்கு நிறுத்தி, பாக்ஸை அம்மாவின் இரும்புப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஏட்டும் நானே, இன்ஸ்பெக்டரும் நானே. கரப்பான் பூச்சி வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதுல அவன் தெரிவானாடா?"

"தெரிவான்மா."

"முகம் தெரியுமா? இல்ல, குடை மறைச்சிருக்குமா?"

"குடையை உதறினானாம்மா. மறைக்காது."

"நான் கதவைத் தொறக்க லேட் பண்ணேன்னு எழுதியிருக்கானே. அடுப்புல வேலையா இருந்தேன். அன்னிக்குத் திட்டினான். லேட் பண்ணது நல்லதாப் போச்சு பாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்புறம் சிரித்தாள். மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாளாம், பையன் வெளியூரில் இல்லை, உள்ளே இருக்கிறான், சீக்கிரம் வந்துவிடுவான் என்று. இத்தனை நாள் மறைத்ததை ஒரே நாளில் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தியிருக்கிறாள்.

எங்கள் வகுப்பில் ஒருத்தன் இருக்கிறான். மகா மண்டு. அவன் வீட்டு மெமரி கார்டை எதையோ பண்ணி அழித்துவிட்டான். அழிந்ததை எடுக்க முடியுமா என்று கேட்கச் சொன்னான். நேரம் இருந்தால் அவனுக்கும் ஒரு வரி எழுது. பாவம், அழுகிறான்.

சில்வண்டு


ஜூன் 24

டேய் சில்வண்டு,

இங்கே வந்த பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். தூங்குவது என்றால் ஒருக்களித்து. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்தால்தான் அறை எங்களுக்குப் போதும். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும். நேற்று புரண்டவன் யார் என்றே எனக்குத் தெரியாது.

இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மாவைக் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை என் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கொண்டிருந்தார். கேமரா என்றதும் பேனாவை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏம்ப்பா மொதல்லயே சொல்லல?" வீட்டுக்கு வந்து கார்டை அவரே வாங்கிக்கொண்டு, உறையில் போட்டு முத்திரை வைத்து, கோர்ட் மூலமாகப் பரிசோதனைக்கு அனுப்புவாராம். அது வந்தால் ஜாமீன் என்ன, வழக்கே நிற்காது என்றார். அவர் கேட்டதைக் கொடு. வாயைக் குறைத்துக்கொள்.

அறையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கண் தெரியாத ஒரு பெரியவர் இருக்கிறார். "நீ போறப்ப உன் போர்வைய எனக்குக் குடுத்துடுடா" என்று இப்போதே துண்டு போட்டுவிட்டார்.

உன் மண்டு நண்பனுக்கு: சும்மா அழித்திருந்தால் எடுத்துவிடலாம், நானே எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மேலே வேறு எதையாவது எழுதியிருந்தால் எழுதிய இடம் போனது போனதுதான். கார்டு முழுக்க எழுதிவிட்டிருந்தால் எந்தக் கடைக்கும் அலைய வேண்டாம் என்று சொல். கடைக்கு ஒரு பெண் வந்தாள், குழந்தையின் படங்கள் எல்லாம் போய்விட்டன என்று. இல்லை என்று சொல்ல மனமில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் அவள் கடை வாசலிலேயே நின்றாள்.

வெளியே வந்ததும் முதல் வேலை, அந்த நாலாவது திருகாணி. இரண்டாவது வேலை, உன் காது.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

வக்கீலம்மா வந்தார். கார்டைக் கொடுத்துவிட்டேன். உறையில் போட்டு ஒட்டி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதிகம் பேசவில்லை.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். கொடுப்பதற்கு முதல் நாள் என்னை விடவேயில்லை. "ஒரே ஒரு தடவ போட்டுப் பாருடா, எனக்காக" என்றாள். நீ செருகாதே என்று சொல்லியிருந்தாய், தெரியும். அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் பார்த்தேன். நீ தெரிந்தாய். குடையோடு. அதைத்தான் எழுதச் சொன்னாள்: "தெரியறான்னு எழுது. அவன் தெம்பா இருக்கட்டும்."

தேர்வு வருகிறது. படிக்க வேண்டும்.

சில்வண்டு


ஜூலை 13

தம்பி,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கார்டு காலி. படம் இல்லை, கோப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வெறும் பூஜ்யம் என்று அறிக்கை. தற்செயலாக அப்படி ஆகாது. வேலை தெரிந்த எவனோ உட்கார்ந்து துடைத்திருக்கிறான்.

நீ கண்ணால் பார்த்திருக்கிறாய். மறுநாள் கொடுத்திருக்கிறாய். உன் கைக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த அம்மாவின் பை மட்டும்தான்.

பார்வையாளர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றதும் கேட்டுவிட்டேன். "முதலாளிகிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" சுற்றிலும் மற்ற கைதிகள், அவர்கள் வீட்டு ஜனங்கள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். "தம்பி உனக்கு ஒண்ணும் எழுதலையா?" என்று மட்டும் கேட்டார். சின்னப் பையன் மேல் பழியைத் திருப்பப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அன்றைக்கே அவர் வேண்டாம் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேறு ஆள் எப்போது தருவார்கள் என்று கேட்டதற்கு, இருக்கிற வக்கீலை விரட்டுகிறவனுக்கு அவசரமா என்று சிரித்தார்கள்.

போர்வையைக் கேட்ட பெரியவர் இப்போது என்னிடம் பேசுவதில்லை. கூச்சப்படுகிறார் போலிருக்கிறது.

உன் எஸ்.எஸ்.டி.யில் உள்ள பிரதி மட்டும்தான் இனி. எடுபடுமோ எடுபடாதோ, அதைத் தொடாமல் வை. அம்மாவை இந்த மாதம் வர வேண்டாம் என்று சொல். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வேகத்தில் பாதி உன் படிப்பில் இருந்தால் நீயாவது உருப்படுவாய்.

எனக்கு இனி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்


ஜூலை 18

அண்ணா,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றை அஞ்சல் பெட்டியின் வாய் வரைக்கும் கொண்டு போய், கிழித்து, பக்கத்துச் சாக்கடையில் போட்டேன். இன்னொன்று பள்ளிக்கூட வாசலைக்கூடத் தாண்டவில்லை.

வக்கீலம்மா வாங்கவில்லை. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கார்டு அவர் கைக்குப் போகும்போதே காலிதான். நான் உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே காலிதான்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நீ எதையும் எப்படி என்று தெரியாமல் விடமாட்டாய். கார்டில் இருப்பதை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற வேண்டும் இல்லையா? இரண்டையும் உன் லேப்டாப்பில் செருகினேன். எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு கட்டம். வெளி வட்டு ஒன்று, வெளி வட்டு இரண்டு என்று இரண்டு பெயர். எது எது என்று பார்க்க ஒரு வழி இருக்கும், நீ பார்த்திருப்பாய். நான் பார்க்கவில்லை. எல்லாம் அழியும், சம்மதமா என்று சிவப்பில் கேட்டது. சம்மதம் என்று அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனேன். பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், இடம் போதவில்லை என்று நின்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை பெரிய எஸ்.எஸ்.டி., இத்தனூண்டு கார்டு, எப்படி இடம் போதாமல் போகும்? தலையைத் துவட்டிக்கொண்டே இரண்டு தடவை படித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பெரியதைச் சின்னதில் ஊற்றியிருக்கிறேன். புது எஸ்.எஸ்.டி.யில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததை எடுத்து உன் கார்டு நிரம்பி வழிகிற வரைக்கும் ஊற்றியிருக்கிறேன்.

அப்போது எனக்கு உன் முகம் அதில் இருக்கிறது என்று தெரியாது, அண்ணா. அது சத்தியம். பூனையும் தபால்காரரும்தான் போனார்கள் என்று நினைத்தேன். நீ வருவதற்குள் எப்படியாவது சரி பண்ணிவிடலாம், அதுவரைக்கும் ஜம்பமாக ஒரு கடிதம் போட்டு வைப்போம் என்றுதான் எழுதினேன். உன் பதில் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்தாள், அழுதாள், சிரித்தாள். அதற்கப்புறம் நான் எந்த இடத்தில் நிறுத்தி, எப்படிச் சொல்வது?

வகுப்பில் மண்டு ஒருத்தன் என்று எழுதினேனே, அவனை நீ ரொம்ப நாளாக வளர்க்கிறாய்.

வக்கீலம்மா கண்டுபிடித்துவிட்டார். அன்று வந்தவர் வாசலில் நின்று அண்ணாந்து கேமராப் பெட்டியையே பார்த்தார்.

"இது ஓடுதா தம்பி?"

"சூப்பரா ஓடுது மேடம்."

"கொஞ்சம் போட்டுக் காட்டு."

"கரண்ட் இல்ல மேடம்."

அவர் தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக் கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மா உள்ளே தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். "எனக்கு எது தெரியுமோ அதத்தான் நான் கோர்ட்ல சொல்ல முடியும். எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. உங்க அண்ணனுக்கு நீ எழுதிடு. நான் சொன்னா அவன் ஒடைஞ்சு போயிடுவான். நீ சொன்னா திட்டுவான், அவ்வளவுதான்" என்றார். தலையாட்டினேன். அன்றைக்கு இரவு உட்கார்ந்து, நீ தெரிந்தாய், குடையோடு, என்று எழுதினேன்.

நீ அவரைக் கேட்ட கேள்வியை அவர் தாங்கிக்கொண்டு நின்றது, நான் எழுதுவேன் என்று நம்பி.

உன் கடிதம் வந்ததும் அவர் ஆபீசுக்குப் போனேன். மாடிப்படியில் உட்காரவைத்துப் பேசினார். கோபமே படவில்லை, பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ கையெழுத்துப் போட்டு விலக்கிவிட்டதால், நீ கையெழுத்துப் போட்டுக் கூப்பிட்டால்தான் அவர் வர முடியுமாம். கூப்பிட்டால் வருவீர்களா என்று கேட்டேன். "வந்து என்னடா பண்றது? கையில ஒண்ணும் இல்லையே" என்றார். அப்புறம், "வருவேன்" என்றார். கூப்பிடு, அண்ணா. அவர் காலைப் பிடித்தாவது கூப்பிடு. வழக்கு நிற்குமா விழுமா எனக்குத் தெரியாது, அவரும் நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. நான் அழித்ததை நான் கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றேன். கேமராவில் நீ இருந்தாய் என்று அதனால் நிரூபணம் ஆகிவிடுமா என்று கேட்டார்.

எஸ்.எஸ்.டி.யில் பிரதி இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். அதில் எதுவும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்து சல்யூட் அடிக்கிறது என்று எழுதினேனே, அந்தப் பெட்டி ஒரு தடவைகூட எழும்பவேயில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொள்கிறாள். வேலைக்குக் கிளம்பும்போது தூசி தட்டிவிட்டுப் போகிறாள். ரிப்பனை நேராகத்தான் செருகினேனா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

இந்தக் கடிதத்தையும் நானே கொண்டு போனால் வழியில் கிழித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் அம்மா கம்பெனிக்குப் போகிற வழியில் போடச் சொல்லி அவள் கையில் கொடுக்கப் போகிறேன். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கப் போகிறேன், எழுத்துக் கூட்டியாவது அவளும் படிக்கட்டும்.

சில்வண்டு